உடைந்த மூக்கு: டாக்டருக்குத் திருப்தி, நோயாளிக்கு?

முகத்து எலும்புகளில் அதிகம் உடைவது மூக்கெலும்புதான். பைக்கிலிருந்து விழுந்தாலும், கபடியில் எதிராளியின் முழங்கை பட்டாலும் முதலில் அடி வாங்குவது அதுவே. சிகிச்சை பெரும்பாலும் சில நிமிட வேலை. முடிந்ததும் டாக்டர் ‘நன்றாக வந்திருக்கிறது’ என்பார். நோயாளியோ கண்ணாடி முன் நின்று முகம் சுளிப்பார். இந்த முரணில் சில தவறான நம்பிக்கைகளுக்கும் பங்குண்டு.

நம்பிக்கை: எக்ஸ்ரே எடுத்தால்தான் மூக்கு உடைந்ததா என்று தெரியும்.

உண்மை: மூக்கின் மேற்பகுதி மட்டுமே எலும்பு, மற்றது குருத்தெலும்பு. அது எக்ஸ்ரேயில் விழாது. எலும்புகள் சேரும் இயல்பான கோடுகளும் பழைய முறிவுகளும் புதிய முறிவுபோலத் தெரிந்து குழப்பும். அதனால் இ.என்.டி. டாக்டர்கள் கண்ணையும் விரலையுமே நம்புகிறார்கள். அடிதடி வழக்கென்றால் கதை வேறு. எலும்பு முறிவைக் கொடுங்காயமாகக் கருதுகிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவு. அங்கே எக்ஸ்ரே சான்றாகிறது.

நம்பிக்கை: வீக்கம் வடியட்டும், ஒரு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

உண்மை: வீங்கியிருக்கும்போது வளைவைக் கணிப்பது கடினம் என்பது சரிதான். அதற்காகத்தான் 3 முதல் 5 நாளில் மறுபடி வரச் சொல்கிறார்கள். எலும்பு விலகாமல், மூச்சும் சீராக இருந்தால் தானே கூடிவிடும். எதுவும் செய்ய வேண்டாம். விலகியிருந்தால் பெரியவர்களுக்கு 2 வாரத்துக்குள், குழந்தைகளுக்கு ஒரு வாரத்துக்குள் நிமிர்த்திவிட வேண்டும். இரண்டு துவாரங்களுக்கும் இடையிலுள்ள நடுச்சுவரில் ரத்தம் கட்டினால் மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. மூக்கு அடைத்து, உள்ளே நீலம் கலந்த சிவப்பில் மெத்தென்று புடைத்திருந்தால் அன்றே கீறி வடிக்க வேண்டும். விட்டால் சில நாளில் குருத்தெலும்பு அழுகி, மூக்கு நடுவில் குழிந்துவிடும். எண்ணெய் போட்டு உருவிக்கொண்டிருப்பவர்கள் கோட்டைவிடுவது இதைத்தான்.

நம்பிக்கை: முழு மயக்கம் கொடுத்துச் செய்தால்தான் நன்றாக அமையும்.

உண்மை: எளிய முறிவுக்கு மரத்துப்போகும் ஊசியே போதும். வெளியே ஊசி, உள்ளே மருந்தில் நனைத்த பஞ்சு. மரத்ததும், முனை மழுங்கிய கருவியை உள்ளே விட்டு எலும்பைத் தூக்கி, வெளியிலிருந்து கட்டைவிரலால் தள்ளுவார்கள். பல நேரம் ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்கும். பிறகு ஒரு வாரத்துக்குக் கட்டு. குழந்தைகளுக்கும், நடுச்சுவரும் சேர்ந்து முறிந்தவர்களுக்கும் முழு மயக்கம் பொருத்தம். ஊசியையும் முழு மயக்கத்தையும் ஒப்பிட்ட ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. செலவு கூடினால் பலனும் கூடும் என்று கணக்குப் போட வேண்டாம்.

நம்பிக்கை: டாக்டருக்குத் திருப்தி என்றால் நோயாளிக்கும் திருப்தியே.

உண்மை: இருவரின் அளவுகோலும் வேறு. டாக்டர் தலைமாட்டில் நின்று நெற்றியிலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கிறார். எலும்பு நடுக்கோட்டுக்கு வந்ததா என்பதே அவர் கேள்வி. உடைந்து வந்த மூக்கோடு அவர் ஒப்பிடுகிறார். நோயாளி ஒப்பிடுவது அடிபடுமுன் இருந்த மூக்கோடு. சில சமயம், தான் ஆசைப்பட்ட மூக்கோடு. இரவில் ஒரு பக்கம் அடைத்துக்கொண்டால், வெளியே எவ்வளவு நேராக இருந்தும் அவருக்கு நிறைவில்லை. அதனால்தான் விவரமான டாக்டர் முதலில் பழைய போட்டோ கேட்கிறார். கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால், வளைவு விபத்துக்கு முன்பே இருந்தது தெரியவருவதும் உண்டு. சிகிச்சைக்கு முன்பே இருவரும் சேர்ந்து பார்த்துவிட்டால் பின்னால் மனத்தாங்கல் இல்லை.

நம்பிக்கை: மறுபடி வளைந்தால் டாக்டர் சரியாகச் செய்யவில்லை.

உண்மை: பெரும்பாலும் காரணம் நடுச்சுவர். எலும்பை நிமிர்த்தினாலும், உள்ளே முறிந்து மடங்கிய குருத்தெலும்பு அதை மெல்லத் தன் பக்கம் இழுத்துவிடும். மூக்குத்தண்டின் அகலத்தில் பாதிக்குமேல் எலும்பு விலகியிருந்தால் நடுச்சுவரும் முறிந்திருக்கும் என்று எடின்பரோ மருத்துவர்கள் 1980களிலேயே காட்டினார்கள். இப்படிப்பட்டவர்களில் சிலருக்கு 6 மாதமோ ஓராண்டோ கழித்து நடுச்சுவரையும் சேர்த்துச் சீரமைக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படும். இதை முதல் நாளே சொல்லிவிடுவது டாக்டரின் பொறுப்பு.

அவர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்: ‘நடுச்சுவர் எப்படி இருக்கிறது? வடிவமும் மூச்சும் எவ்வளவு தூரம் பழையபடி வரும்?’ இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தபின் சிகிச்சைக்குச் சம்மதியுங்கள்.