கர்த்தர் முதலில் கேட்ட கேள்வி

வேதபாடம்: மாற்கு 9:14-29



இம்முறை வேதபாடத்துக்கு, வலிப்பினால் வருந்திய ஒரு பையனையும் அவனைச் சுமந்துவந்த தகப்பனையும் பற்றிய பகுதியை எடுத்துக்கொண்டோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதை மறைக்காமல் முதலில் சொல்லிவிடுகிறோம்.

சேத்தூரிலிருந்து ஒரு தாய் தன் ஆறு வயது மகனோடு நம்முடைய மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தாள். தகப்பன் இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். பையனுக்கு வலிப்பு நோய். டாக்டர் ஃபெனிடாயின் சிரப் எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு நாள் மருந்து வாங்கும் வரிசையில் அந்தத் தாய் எங்களைக் கண்டு, "ஐயா, இந்த மருந்து பிள்ளைக்கு ஒத்துக்கிடலை. குடிச்சா தள்ளாடுதான்" என்றாள். நாங்கள் அவன் தலைமேல் கைவைத்து ஜெபித்து, "விசுவாசத்தோடு கொடும்மா, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி அனுப்பினோம்.

மூன்று வாரம் கழித்து, நடுராத்திரியில் ஓர் ஆட்டோவில் அந்தப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலிப்பு நிற்கவேயில்லை. ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, பிராணவாயு வைத்து, டாக்டரும் சிஸ்டர்களும் விடியுமட்டும் போராடினார்கள். கர்த்தருடைய கிருபையால் பிள்ளை பிழைத்தான். தாய் மருந்தை நிறுத்தி மூன்று நாளாயிற்று என்பது அப்போதுதான் தெரிந்தது.

காலையில் ஒரு சிஸ்டர் அந்தத் தாயிடம், "நீங்க வீட்டில் எப்படி மருந்து கொடுப்பீங்க, எனக்குச் செய்து காட்டுங்க" என்றார். தாய் பையிலிருந்த பாட்டிலைப் பதனமாய் எடுத்து, மூடியைத் திறந்து, சமையல் கரண்டியில் ஊற்றினாள். "குலுக்கமாட்டீங்களாம்மா?" என்று சிஸ்டர் கேட்டார். "குலுக்கணுமா சிஸ்டர்?" என்றாள் அவள்.

விஷயம் இவ்வளவுதான். அந்த சிரப்பில் மருந்து அடியில் தங்கிவிடும். குலுக்காமல் ஊற்றினால், பாட்டிலின் மேல்பாதியில் மருந்து குறைவாகவும் அடிப்பாதியில் மிக அதிகமாகவும் போகும். ஆகவே, பாட்டில் புதிதாயிருக்கும்போது பிள்ளைக்கு வலிப்பு வந்தது. பாட்டில் தீரும் சமயத்தில் தூக்கமும் தள்ளாட்டமும் வந்தன. குலுக்க வேண்டும் என்பது பாட்டிலின்மேல் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருந்தது. தமிழில் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் எங்களிடம் சொன்னபோது, "எப்போதிலிருந்து தள்ளாடுகிறான்? எப்படிக் கொடுக்கிறாய்?" என்று ஒரு கேள்வி நாங்கள் கேட்டிருந்தால் போதும். நாங்கள் ஜெபித்தோம், கேட்கவில்லை.

அன்றைக்கு மாற்கு 9-ம் அதிகாரத்தைத் திறந்தபோது, பலமுறை பிரசங்கித்த அந்தப் பகுதியே எங்களைக் குற்றப்படுத்திற்று.

1. ஆண்டவர் விசாரித்தார்

பையன் ஆண்டவருக்கு முன்பாகத் தரையில் விழுந்து, நுரைதள்ளிப் புரளுகிறான். சுற்றிலும் கூட்டம். வேதபாரகரும் சீஷரும் தர்க்கம்பண்ணுகிறார்கள். அந்த வேளையில் ஆண்டவர், இது இவனுக்கு எவ்வளவு காலமாய் இருக்கிறது என்று தகப்பனை விசாரிக்கிறார். சகலத்தையும் அறிந்தவர் ஏன் விசாரிக்க வேண்டும்? அந்தத் தகப்பனைப் பேசவைக்கவே என்று நாங்கள் நம்புகிறோம். அவன் சிறுவயதிலிருந்தே என்கிறான். நெருப்பிலும் தண்ணீரிலும் விழுந்த கதையைச் சொல்லுகிறான். அடுப்பும் கிணறும் கண்மாயும் உள்ள நம் ஊர்களில், வலிப்புள்ள பிள்ளையைப் பெற்றவர்களுக்கு இது நன்றாய்ப் புரியும்.

இன்றும் வலிப்பு நோயைப் பார்க்கிற டாக்டர் முதலில் செய்வது இதுவே. ஸ்கேனுக்கும் இ.இ.ஜி.க்கும் முன்னால் பெற்றோரின் வாய்ச்சொல் வேண்டும். வலிப்பு வரும்போது டாக்டர் அங்கே இருப்பதில்லை, தாய்தான் இருக்கிறாள்.

2. எல்லா வலிப்பும் பிசாசினால் அல்ல

இந்தப் பகுதியில் அசுத்த ஆவியைக் குறித்துச் சொல்லியிருப்பது உண்மை. அதை வைத்துக்கொண்டு, வலிப்பு வருகிற ஒவ்வொரு பிள்ளையையும் பிசாசு பிடித்தவன் என்று சொல்லுகிறவர்கள் நம் சபைகளிலும் உண்டு. ஆனால் மத்தேயு 4:24-ஐ வாசித்துப் பாருங்கள். ஆண்டவரிடத்தில் கொண்டுவரப்பட்டவர்களின் வரிசையில் பிசாசு பிடித்தவர்கள் ஒரு வகையாகவும், சந்திரரோகிகள் வேறொரு வகையாகவும் சொல்லப்பட்டிருக்கிறார்கள். சந்திரரோகம் என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்லுவது வலிப்பு நோயைத்தான். வேதமே பிரித்துச் சொல்லியிருப்பதை நாம் ஒன்றாக்கலாகாது.

நம் மூளையிலுள்ள நரம்பு அணுக்கள் சிறு மின்சாரக் குறிப்புகளால் ஒன்றோடொன்று பேசுகின்றன. சில வேளைகளில் அவை கட்டுமீறி ஒரே சமயத்தில் பாய்ந்தால் வலிப்பு உண்டாகிறது. இது தொற்றுநோய் அல்ல, சாபமும் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் உண்டு. சரியான சிகிச்சை கிடைத்தால் பத்தில் ஏழு பேர் வலிப்பு இல்லாமல் வாழ முடியும்.

நம் தேசத்தில் இந்த நோய்க்கான வைத்தியம் வளர்ந்ததில் மிஷன் மருத்துவமனைக்குப் பெரிய பங்கு உண்டு. டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். 1952-ல் வலிப்பு நோயாளி ஒருவருக்கு அங்கே மூளையில் அறுவை சிகிச்சை செய்தார். அவர் ஜெபிக்கிற மனுஷர். ஜெபமும் வைத்தியமும் அவர் கையில் சண்டையிடவில்லை. எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு அத்திப்பழ அடை வைக்கச் சொன்னவன் ஏசாயா தீர்க்கதரிசியே அல்லவா?

3. மருந்து செய்வதும் செய்யாததும்

வலிப்பு மருந்து நோயை வேரோடு பிடுங்குவதில்லை. வலிப்பு வராதபடி தடுத்து நிறுத்துகிறது. அதற்கு இரத்தத்தில் மருந்தின் அளவு இரவும் பகலும் ஒரே சீராயிருக்க வேண்டும். ஒரு வேளை தவறினால் அளவு இறங்கும். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னிலும் மூர்க்கமாய்த் திரும்பி, தொடர் வலிப்பாகி, உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தச் சேத்தூர்ப் பிள்ளைக்கு நேர்ந்தது அதுவே.

மருந்துகளுக்குப் பக்கவிளைவு உண்டு. அதை மறைத்துப் பயனில்லை.

ஃபினோபார்பிட்டோன் 1912 முதல் வழக்கத்திலுள்ள மலிவான மருந்து. சில பிள்ளைகளுக்குத் தூக்கம் வரும். வேறு சிலருக்கு அதற்கு நேர்மாறாக, ஓரிடத்தில் இருக்கமாட்டாத துறுதுறுப்பும் எரிச்சலும் வரும்.

ஃபெனிடாயின் 1938 முதல் பயன்பட்டுவருகிறது. ஈறு தடித்து வளரலாம். பல்லைச் சுத்தமாய் வைத்திருந்தால் குறையும். அளவு சற்றே கூடினாலும் தள்ளாட்டமும் கண் ஆட்டமும் காணும்.

கார்பமாசெபின் கொடுக்கத் தொடங்கிய முதல் வாரங்களில் உடம்பில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் கண்டால், ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு வரவேண்டும்.

சோடியம் வால்புரோவேட் எடையைக் கூட்டலாம், முடி உதிரலாம். வாந்தியும் அசதியும் தொடர்ந்தால் ஈரலைச் சோதிக்க வேண்டும். கர்ப்பத்திலிருக்கும் சிசுவுக்கு இது தீங்கு செய்யக்கூடும். ஆகையால் பெண்பிள்ளைகள் வளர்ந்துவரும்போது பெற்றோர் டாக்டரிடம் அதைப் பேசிவிட வேண்டும்.

லெவெடிராசெட்டம் சில பிள்ளைகளுக்குக் கோபத்தையும் முரட்டுத்தனத்தையும் உண்டாக்கும். பிள்ளை கெட்டுப்போனான் என்று அடிக்காதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள்.

இவற்றையெல்லாம் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. அநேக பிள்ளைகளுக்கு இவை வருவதில்லை. வந்தாலும் அளவை மாற்றியோ மருந்தை மாற்றியோ சரிசெய்ய வழியுண்டு. ஆனால் டாக்டருக்குத் தெரிந்தால்தானே மாற்றுவார்? மருந்தைத் தானாய் நிறுத்துகிற பெற்றோரில் அநேகர் பிள்ளையின்மேல் அன்பில்லாதவர்கள் அல்ல. அன்பினாலேயே நிறுத்துகிறார்கள். "என் கையாலே பிள்ளைக்கு விஷம் கொடுக்கிறேனோ" என்ற பயம் அவர்களை வாட்டுகிறது. அந்தப் பயத்தைச் சொல்ல ஓர் இடம் இல்லாதபோது, பாட்டில் குப்பைக்குப் போகிறது.

4. பெற்றோருக்கு நாங்கள் இப்போது சொல்லிக்கொடுப்பது

சிரப்பானால் நன்றாய்க் குலுக்குங்கள். சமையல் கரண்டி வேண்டாம். அளவு மூடியிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள்.

தகப்பனுக்கு ராத்திரி ஷிப்ட், தாய்க்குச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி வேலை என்று இருக்கிற வீட்டில், சாயங்கால மருந்தை யார் கொடுப்பது என்று பேசி முடிவுசெய்யுங்கள். இருவரும் கொடுத்துவிடுவதும் உண்டு, இருவரும் மறந்துவிடுவதும் உண்டு. வருஷப்பிறப்பு ஆராதனையில் கிடைக்கிற சபை காலண்டரைச் சுவரில் மாட்டி, மருந்து கொடுத்தவுடன் ஒரு கோடு போடுங்கள். வலிப்பு வந்த நாளில் சிவப்பு வட்டம் போட்டு, எத்தனை நிமிஷம் என்று எழுதுங்கள். அந்தக் காலண்டரைக் கழற்றிக்கொண்டே டாக்டரிடம் வாருங்கள்.

ஒரு வேளை மறந்துபோனால், அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். மருந்து தீருவதற்கு ஒரு வாரம் முன்னமே வாங்கி வையுங்கள்.

வலிப்பு வரும்போது கையில் சாவியோ இரும்போ கொடுக்க வேண்டாம். வாயில் ஸ்பூன் வைக்க வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் மருத்துவமனைக்குத் தூக்கி வாருங்கள், அல்லது 108-க்குப் போன் செய்யுங்கள்.

சாதாரணமாய் இரண்டு வருஷமாவது வலிப்பே இல்லாமல் இருந்தால், மருந்தை நிறுத்தலாமா என்று டாக்டர் யோசிப்பார். அப்போதும் பல வாரங்கள், மாதங்கள் எடுத்து மெல்லமெல்லக் குறைத்தே நிறுத்துவார். ஜெபக்கூட்டத்தில் யாராவது, "இன்றே சுகமாயிற்று, மாத்திரையைத் தூக்கி எறி" என்று சொன்னால், அதற்குக் கீழ்ப்படிய வேண்டாம். கர்த்தர் சுகமாக்கியிருந்தால் அது டாக்டருடைய பரிசோதனையிலும் நிற்கும்.

5. அரை விசுவாசத்தையும் ஏற்றுக்கொண்டவர்

அந்தத் தகப்பன் ஆண்டவரிடத்தில் பூரண விசுவாசத்தோடு வரவில்லை. தன்னிடம் விசுவாசம் இருப்பதையும் இல்லாததையும் ஒரே மூச்சில் கண்ணீரோடு அறிக்கையிட்டான். ஆண்டவர் அவனைத் தள்ளிவிடவில்லை. பையனைச் செத்துப்போனான் என்று ஜனங்கள் சொன்னபோதும், அவன் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

மருந்துப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுப்பதா நிறுத்துவதா என்று கலங்குகிற தாயின் விசுவாசமும் இப்படிப்பட்டதே. அவளுக்கு நாம் பிரசங்கம் செய்வதற்கு முன்னே காதுகொடுக்க வேண்டும்.

அன்பானவர்களே, விலையுயர்ந்த இயந்திரங்கள் மாத்திரமே பிள்ளைகளைக் காப்பாற்றும் என்று எண்ணாதிருங்கள். கர்நாடகத்தில் எலந்தூர் வட்டாரக் கிராமங்களில் டாக்டர் கே.எஸ். மணியும் அவரோடிருந்தவர்களும் செய்த ஆராய்ச்சி 2001-ல் வெளியாயிற்று. ஃபினோபார்பிட்டோன், ஃபெனிடாயின் என்னும் மலிவான மருந்துகளைக் கொண்டே கிராமத்து நோயாளிகள் பலருக்கு வலிப்பை அடக்க முடியும் என்று அது காட்டிற்று. தேவை, மருந்து தடையில்லாமல் கிடைப்பதும், பெற்றோரோடு உட்கார்ந்து பேச ஆள் இருப்பதுமே. உங்கள் காணிக்கை இந்த இரண்டுக்கும் உதவுகிறது.

உங்கள் சபையில் வலிப்புள்ள பிள்ளை இருந்தால், ஞாயிறு பள்ளியில் ஒதுக்கிவைக்காதிருங்கள். பெண்பிள்ளையானால், கலியாணம் நடக்காதே என்று மறைத்து மருந்தை நிறுத்துகிற வீடுகளும் உண்டு. இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் வலிப்பு நோயைத் தடையாகச் சொல்லியிருந்த வார்த்தையை 1999-ல் பார்லிமெண்ட் எடுத்துவிட்டது. சட்டம் எடுத்துப்போட்டதைச் சபை வைத்துக்கொண்டிருக்கலாமா?

அந்தச் சேத்தூர்ப் பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். சிவப்பு வட்டம் முற்றிலும் நின்றுவிடவில்லை. சென்ற மாதம் ஒன்று இருந்தது. ஆனால் தாய் காலண்டரோடு வந்தாள். நாங்கள் ஜெபிப்பதற்கு முன் அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, "மருந்து எப்படிம்மா போகுது?" என்று கேட்டோம். அவள் பாட்டிலை எடுத்து, சிரித்துக்கொண்டே குலுக்கிக் காட்டினாள்.

ஜெபம்: தகப்பனுடைய வார்த்தையைப் பொறுமையாய்க் கேட்ட ஆண்டவரே, வலிப்பு நோயுள்ள பிள்ளைகளையும் அவர்களைக் கண்விழித்துக் காக்கிற பெற்றோரையும் உம்முடைய கரத்தில் ஒப்புவிக்கிறோம். கேளாமல் பேசின எங்களை மன்னியும். கேட்கிற செவியை எங்களுக்குத் தாரும். ஆமென்.

சபையில் கலந்துபேச:
1. ஆண்டவர் தகப்பனை விசாரித்ததினால் அவனுக்கு என்ன கிடைத்தது?
2. நம் சபையில் நீண்டகாலம் மருந்து சாப்பிடுகிற பிள்ளைகள் யார்? அவர்களுடைய பெற்றோரிடம் நாம் கடைசியாய் எப்போது விசாரித்தோம்?
3. வலிப்பு வரும்போது செய்ய வேண்டியதை ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் எல்லாரும் அறிந்திருக்கிறார்களா?