பணிப்படமும் லென்ஸ் தேர்வும்

பஞ்சாயத்துப் பணிகளை முன்னும் பின்னும் படமெடுப்பது வழக்கமாயிற்று. அப்படம் சாட்சியாதலின், லென்ஸை அறிந்து தேர்தல் அவசியம்.

36 மி.மீ. அகலப் படச்சட்டமுடைய காமிராவில் 50 மி.மீ. லென்ஸ் இயல்பான தோற்றந் தரும். ஏரி முழுவதும் அடங்க 24 அல்லது 28 மி.மீ. ஏற்றது, தொலைவிலுள்ள மதகிற்கு 135 மி.மீ.; இலைப்பூச்சிக்கு மாக்ரோ லென்ஸ். கைப்பேசியின் முதன்மை லென்ஸும் பெரும்பாலும் 24 மி.மீ.க்கு நிகரான அகலக்கோணமே. அதனை மிக அருகில் வைத்தெடுத்தால், கரையின் சிறு வெடிப்பும் பெரும் பிளவாகத் தோன்றும். ஆழமற்ற பள்ளமும் ஆழமாய்த் தெரியும்.

ஆதலின், இரு படங்களையும் ஒரே இடத்தில் நின்று, ஒரே லென்ஸால் எடுங்கள். அளக்கும் பொருளை ஒட்டி அளவுகோலையும் நிறுத்துங்கள். இன்றேல் படம் நிறைவைக் காட்டும். ஏரியோ நீரின்றி நிற்கும்.