அரிமானமும் நச்சு வாயுவும்

ரிச்சர்ட்ஸ் டவுனில் பழைய பங்களாக்கள் சில இன்றும் உள்ளன. மழைக்காலம் முடிந்தபின் அவற்றின் இரும்புக் கதவுகளை உற்றுநோக்குங்கள். வண்ணம் உரிந்த இடங்களில் செந்நிறத் துரு படிந்திருக்கும். நீரும் ஆக்சிஜனும் இரும்புடன் வினைபுரிவதால் துரு உண்டாகிறது. உலோகம் இவ்வாறு சிதைவதை அரிமானம் என்பர்.

கதவின் துரு கண்ணுக்குத் தெரியும். குழாயின் உட்புறத்து அரிமானமோ தெரியாது. பெங்களூருக்கு வரும் எரிபொருளில் ஒரு பகுதி, மங்களூரிலிருந்து ஹாசன் வழியாக நிலத்தடிக் குழாயில் வருகிறது. அது சுத்திகரிக்கப்பட்ட எண்ணெய். நிலத்திலிருந்து எடுக்கப்படும் கச்சா எண்ணெயிலோ உப்புநீரும் கந்தகச் சேர்மங்களும் கலந்திருக்கும். அவை எஃகை அரிக்கும். ஆதலால் சென்னை மணலியில் உள்ளது போன்ற சுத்திகரிப்பு ஆலைகளில் முதலில் உப்பை நீக்குவர்.

கச்சா எண்ணெயுடன் வெளிப்படும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் வாயு இருமடங்கு கொடியது. ஈரத்துடன் சேர்ந்து எஃகை அரிக்கும்; கசிந்தால் மனிதரைக் கொல்லும். சிறிதளவே இருக்கையில் அழுகிய முட்டைபோல் நாறும். பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 100 பங்கை எட்டினாலோ, மூக்கு முகரும் ஆற்றலை இழந்துவிடும். நாற்றம் நின்றதால் ஆபத்து நீங்கியது என்று எண்ணுவது பெரும்பிழை. காற்றைவிடக் கனமான இவ்வாயு பள்ளங்களில் தங்கும். அங்கே மயங்கி வீழ்ந்தவரைக் காக்க, சுவாசக் கருவியின்றி இறங்குபவரும் உயிரிழக்க நேரிடும். எனவே தொழிலாளர் தம் மூக்கை நம்பாமல் வாயு உணர்கருவியை அணிந்து செல்கின்றனர்.

அரிமானத்தைக் கவனியாது விட்டதன் விலையை 2014 ஜூன் 27 அன்று நாடு கண்டது. ஆந்திரப் பிரதேசத்தில், அப்போது கிழக்குக் கோதாவரி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த 'நகரம்' என்று ஓர் ஊர் உண்டு. அங்கே விடியற்காலையில் இயற்கை எரிவாயுக் குழாய் கசிந்து தீப்பற்றியது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஈரமற்ற வாயுவுக்கென அமைத்த குழாயில் நீர் கலந்த வாயு சென்றதும், அதனால் குழாய் அரிக்கப்பட்டதும் விசாரணையில் தெரியவந்தன.

குழாய்ச் சுவரின் தடிமனை மீயொலியால் அளந்தறிய முடியும். தேய்ந்த பகுதியை உரிய காலத்தில் மாற்றவும் முடியும். காணாத இடத்தையும் சோதிப்பதே காவல்.

பயிற்சி

1. பொருள் எழுதுக: அரிமானம், கச்சா எண்ணெய், மீயொலி.
2. நாற்றம் நின்றுவிட்டால் ஆபத்து நீங்கியது எனக் கொள்ளலாமா? காரணம் கூறுக.
3. உம் வீட்டருகே துருப்பிடித்த பொருள் ஒன்றைக் கண்டு, ஐந்து தொடர்களில் எழுதுக.