தீயும் காங்கிரீட்டும்

மயிலாப்பூரின் பழைய வீடுகள் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் எழுந்தவை. இன்று அதே தெருக்களில் காங்கிரீட் மாடங்கள் ஓங்கி நிற்கின்றன. மரம் எரியும், காங்கிரீட் எரியாது. ஆகவே தீ அதனை ஒன்றும் செய்யாது என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் முற்றும் சரியன்று என்பதைச் சென்னை மாநகரம் நேரிற் கண்டது.

2017-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் விடியற்காலையில், தியாகராய நகர் உஸ்மான் சாலையில் இருந்த ‘தி சென்னை சில்க்ஸ்’ என்னும் துணிக்கடையில் தீப்பற்றியது. பகல் முழுதும் இரவு முழுதும் துணிகள் எரிந்தன. மறுநாள் பொழுது புலருமுன் அவ்வேழு மாடிக் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து வீழ்ந்தது. எஞ்சிய பகுதியும் பின்னர் இடித்து அகற்றப்பட்டது.

எரியாத பொருள் வீழ்ந்தது ஏன்? சிமெண்டு, மணல், கருங்கல் ஜல்லி, நீர் ஆகியவை கலந்து உண்டாவது காங்கிரீட். நீர் சிமெண்டோடு வேதியியல் முறையிற் கூடி, மணலையும் ஜல்லியையும் இறுகப் பிணைக்கிறது. இவ்வாறு கட்டுண்ட நீரை வெப்பம் பிரித்துவிடுகிறது.

சென்டிகிரேடு அளவில் 100 பாகையைக் கடந்ததும், நுண்துளைகளில் தங்கிய நீர் ஆவியாகும். அந்த ஆவிக்கு வழி இல்லையெனில் மேற்பரப்பு வெடித்துச் சிதறுவதும் உண்டு. 300 பாகை வரையில் வலிமை பெரிதும் குன்றுவதில்லை. 400 முதல் 500 பாகைக்குள், சிமெண்டில் விளைந்த சுண்ணாம்பு தன் நீரை இழக்கிறது. 573 பாகையில் மணலிலுள்ள படிகக்கல் திடீரென விரிகிறது; அதனைச் சூழ்ந்த சிமெண்டுப் பசையோ சுருங்குகிறது. ஒன்று விரிய, மற்றொன்று சுருங்க, இடையே வெடிப்புகள் தோன்றுகின்றன. 600 பாகையளவில் ஏறக்குறையப் பாதி வலிமை போய்விடும். 800 பாகையைத் தாண்டினால் எஞ்சுவது சிறிதே.

ஆறியபின் இழந்த வலிமை திரும்புமா? உள்ளிருக்கும் இரும்புக் கம்பி 600 பாகையளவு வரை சூடேறித் தளர்ந்தாலும், ஆறியதும் தன் வலிமையிற் பெரும்பகுதியை மீண்டும் பெறும். காங்கிரீட்டுக்கு அப்பேறு இல்லை. காளவாயில் சுட்ட கிளிஞ்சலில் நீர் தெளித்தால் அது பூத்து உதிர்வதைக் காணலாம். அவ்வாறே, வெந்த காங்கிரீட்டிலுள்ள சுண்ணாம்பும் காற்றின் ஈரத்தை ஏற்றுப் பருத்து, வெடிப்புகளை மேலும் அகலச் செய்கிறது.

எனினும் தீப்பட்ட கட்டடங்களெல்லாம் வீழ்வதில்லை. காங்கிரீட்டினுள் வெப்பம் மெல்லவே ஊடுருவும். தீ விரைவில் தணிந்தால், மேற்புறம் கெட்டாலும் உட்பகுதி உறுதியாகவே இருக்கும். 1959-இல் திறக்கப்பட்ட அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம், 1975-ஆம் ஆண்டு ஜூலையில் பெருந்தீக்கு உள்ளாயிற்று. ஆயினும் செப்பனிடப்பட்டு இன்றும் நிற்கிறது.

எதனைச் செப்பனிடலாம், எதனை இடித்தல் வேண்டும் என்பதைப் பொறியாளர் ஆய்ந்து முடிவு செய்வர். 300 பாகைக்கு மேல் வெந்த காங்கிரீட் பெரும்பாலும் இளஞ்சிவப்பாக மாறும். அந்நிறம் எவ்வளவு ஆழம் சென்றுள்ளது என்று பார்ப்பர். சுத்தியலால் தட்டி ஓசையைக் கேட்பர். தூணைத் துளைத்துச் சிறு உருளையாக எடுத்து, எவ்வளவு பாரத்தில் அது நொறுங்குகிறது என அளப்பர். இச்சோதனைகள் முடியுமுன், தீப்பட்ட கட்டடத்தினுள் பொருளைத் தேடி நுழைதல் உயிருக்கே இடராகும். நிமிர்ந்து நிற்கும் தூண் வலிமையுள்ள தூண்தானா என்பதைக் கண் அறியாது, சோதனையே அறியும்.