கொட்டிலில் கிடக்கும் ஹொண்டா சி90

அப்பப்பாவின் ஹொண்டா கொட்டிலில் தூசி தின்கிறதா? ஆசையில் உடனே உதைக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தால் பத்துத் துளி எஞ்சின் ஒயில் விட்டு ஓரிரவு விடுங்கள். மறுநாள் பிளக் இல்லாமலே கிக்கரைக் கையால் மெல்ல அழுத்துங்கள். அசைந்தால் பாதி வேலை முடிந்தது. இறுகி நின்றால் கராஜுக்குத்தான்.

1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் இவை மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ராட் பண்ண மட்டும் சில துளி பெற்றோல். அக்காலத்து வண்டியென்றால் சைலன்சரில் கரி அப்பியிருக்கும். சுரண்டிவிட்டு, காபரேற்றரையும் கழற்றிக் கழுவுங்கள்.

வல்வெட்டித்துறை போன்ற கரையோர ஊர்களில் மற்ற எதிரி உப்புக்காற்று. சீற்றுக்குக் கீழுள்ள ராங்கைக் கழற்றி, ஒரு பிடி நட்டும் கொஞ்சம் டீசலும் போட்டுக் குலுக்குங்கள். துரு, தேயிலைச் சாயம்போல் வரும். தெளியும்வரை திரும்பச் செய்யுங்கள்.

பழையவை 6 வோல்ட், பிந்தியவை 12. பல்ப் வாங்கமுன் பாருங்கள். பெயின்ற் கடைசி வேலை. என்னைக் கேட்டால் பழைய நிறமே வடிவு.

இவ்வளவுக்கும் முதல் பதிவுப் புத்தகத்தைத் தேடியெடுங்கள். செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் அதனோடு ஒத்துவராவிட்டால் ஒரு சதமும் செலவழிக்காதீர்கள்.