கோழி என்று சொல்லிவிடு

அன்புள்ள தம்பி,

முழங்கால் தேய்மானத்தோடு வருகிறவர்களுக்குக் கொலாஜன் மாத்திரை எழுதலாமா என்று கேட்டிருந்தாய். பதிலுக்கு முன் என் தவறு ஒன்றைக் கேள்.

எழுபது வயது அம்மா ஒருவருக்கு அதை எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் தவறாமல் சாப்பிட்டார். பிறகு பேத்தி டப்பாவோடு வந்து நின்றாள். “டாக்டர், இது கோழியிலிருந்து எடுக்கிறதாமே?” முட்டைகூடத் தொடாத மனுஷி அவர். அட்டையில் ‘டைப் 2 கொலாஜன், 40 மில்லிகிராம்’ என்று பெரிதாகவும், அசைவத்துக்கான பழுப்பு முக்கோணம் ஒரு மூலையில் பொடியாகவும் இருந்தன. அது கோழியின் நெஞ்செலும்புக் குருத்து என்று எனக்குத் தெரியும். சொல்லத் தோன்றவில்லை. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. திரும்ப வரவும் இல்லை.

பவுடராக வருவது வேறு சரக்கு. அது சிதைத்த கொலாஜன். நாளுக்குச் சுமார் 10 கிராம் குடிக்கச் சொல்வார்கள். மாட்டுத்தோல், பன்றித்தோல், மீன் என்று எதிலிருந்தும் வரலாம். அதையும் கேட்டுச் சொல்.

தின்ற குருத்து நேரே முழங்காலில் போய் ஒட்டிக்கொள்ளும் என்று நம்பி வருவார்கள். 40 மில்லிகிராம் எந்த மூட்டை நிரப்பும்? சிதையாத கொலாஜன் குடலிலுள்ள நோயெதிர்ப்புத் திசுவைத் தொட்டு, சொந்தக் குருத்தெலும்பைத் தாக்காதிருக்க உடலைப் பழக்குகிறது என்பதே கருத்து. 1993இல் பாஸ்டனில் டேவிட் டிரென்தம் குழு முடக்குவாத நோயாளிகள் 60 பேரிடம் கோழிக் கொலாஜனைச் சோதித்தது. அதை உட்கொண்டவர்களில் நான்கு பேருக்கு நோய் முற்றாக அடங்கியது. பின்வந்த சோதனைகள் அந்த நம்பிக்கையை அப்படியே தாங்கவில்லை. மூட்டுத் தேய்மானத்துக்கு 2016இல் வெளியான ஆய்வு நம் தென்னிந்தியாவிலேயே நடந்தது: 191 பேர், 180 நாள். வெற்று மாத்திரையைவிட வலி குறைந்தது. செலவு செய்தது தயாரித்த நிறுவனம் என்பதையும் சேர்த்தே படி.

என் முடிவு இது. விரும்பிக் கேட்பவருக்கு மூன்று மாதம் கொடுத்துப் பார், மாற்றமில்லையென்றால் நிறுத்திவிடு. கைக்காசு கரையும் குடும்பத்துக்கு நீயாக எழுதாதே. பருத்த உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ பாரம் குறைகிறது. அதற்குக் காசு வேண்டாம்.

சீட்டில் பேனா வைக்குமுன் “இது கோழிங்கம்மா, பரவாயில்லையா?” என்று உன் வாயால் கேள். வேண்டாம் என்றால், நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கும் பயிற்சியைப் பக்கத்தில் அமர்ந்து பத்து நிமிடம் சொல்லிக்கொடு.

அன்புடன்,
அண்ணன்