மும்பை என்னும் பெயர்



ஓர் ஊரின் பெயரை ஆராய்வது வீண் வேலை அன்று. அப்பெயரை இட்டவர் யார், திரித்தவர் யார் என வினவுங்கால், அவ்வூரில் உழைத்தவர் யார், ஆண்டவர் யார் என்பதும் உடன் விளங்கும். மேற்குக் கடற்கரை நகராகிய மும்பையை எடுத்துக்கொள்வோம்.

இந்நகர் முன்னர் ஏழு தீவுகளாகக் கிடந்தது. அங்கு வாழ்ந்த பழங்குடிகள் கோலி என்னும் மீனவ மக்கள். அவர்கள் வணங்கிய தாய்த்தெய்வம் மும்பாதேவி. மராத்தியில் ‘ஆயி’ என்றால் தாய். ‘மும்பா’, ‘ஆயி’ என்னும் இரண்டும் சேர்ந்து மும்பை ஆயிற்று என்பதே பெரும்பாலோர் கொள்ளும் முடிபு.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இதனைப் ‘பொம்பாயிம்’ என்றனர். 1661ஆம் ஆண்டின் திருமண ஒப்பந்தத்தால் இத்தீவு ஆங்கில மன்னன் இரண்டாம் சார்லசுக்குச் சீதனமாயிற்று. 1668இல் அவன் இதனை ஆண்டுக்கு 10 பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கும்பினியிடம் விட்டான். ஆங்கிலேயர் நாவில் ‘பாம்பே’ என்றும், தமிழர் நாவில் ‘பம்பாய்’ என்றும் வழங்கிற்று. 1995இல் மும்பை என்பதே அரசினர் பெயராயிற்று.

‘நல்ல விரிகுடா’ என்னும் பொருளில் போர்த்துகீசியர் இட்ட பெயரே இது என்பாரும் உளர். அம்மொழியில் விரிகுடாவைக் குறிக்கும் சொல் பெண்பால். ‘பொம்’ என்பதோ ஆண்பால் அடைமொழி. ஆதலின் அக்கூற்று இலக்கணத்திற்கு ஒவ்வாது.

இந்நகரின் வடபால் கன்ஹேரி மலையில் நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தக் குகைகள் உள்ளன. அதற்கும் வடக்கே சோபாராவில் அசோகரின் கல்வெட்டுத் துண்டு கிடைத்தது. ஆதலால் மும்பை என்பதும் பௌத்தப் பெயரே என்று சொல்ல நமக்கு ஆசை எழலாம். சான்றின்றி அவ்வாறு சொல்லலாகாது. கேள்விப்பட்டது என்பதற்காகவோ வழிவழி வந்தது என்பதற்காகவோ எதனையும் ஏற்க வேண்டா எனக் காலாமருக்குப் பகவர் கூறினார். அவ்வறிவுரை நமக்கு இனிக்கும் செய்திக்கும் பொருந்தும்.

யாம் ஆலையில் உழைத்த நாளில், பதிவேட்டில் எம் பெயர் பிழையாகவே எழுதப்பட்டிருந்தது. கூலி நாளில் அப்பிழைப் பெயருக்கே ‘ஆம்’ என்று கைநீட்டி நின்றோம். ஆயினும் வீட்டில் எம் தாய் அழைத்த பெயர் மாறவில்லை. மும்பையின் கதையும் அதுவே. ஏட்டில் எழுதியோர் வந்தனர், போயினர். வலையிழுத்தோர் நாவில் இருந்த பெயர் நிலைத்தது.

பெயர் என்பது உலக வழக்கே என்று மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் விளக்கினார். வழக்கே ஆதலின், பெயரால் எவரும் உயர்ந்தவர் ஆகார். பிறர் இட்ட பெயரால் எவரும் தாழ்ந்தவரும் ஆகார். இதனை நம் பிள்ளைகளுக்குச் சொல்வோமாக.